பழைய மைனர் லீக் பேஸ்பால் மைதானத்தைப் புதிய சீசனுக்குத் தயார் செய்வது எப்படி: தண்ணீரில் தொடங்கி பெயிண்டில் முடியும் வழிகாட்டி

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதல் கூட்டத்தில் பேசுவதெல்லாம் ஸ்கோர்போர்டு, நாற்காலி, வெளிச்சுவருக்கு என்ன நிறம் என்பவைதான். அந்த ஆசை எனக்கும் புரிகிறது. ஆனால் நூறு வயதான மைதானத்தில் முதலில் கவனிக்க வேண்டியது தண்ணீர் போகும் வழி. பெயிண்ட் எல்லாவற்றுக்கும் கடைசி. இடையில் வரும் ஒவ்வொரு வேலைக்கும் ஓர் இடம் உண்டு. அதை மாற்றிச் செய்தால் செய்த வேலையையே பிரித்து மறுபடி செய்ய வேண்டிவரும்.

அமெரிக்காவின் தெற்குப் பகுதியில், சின்ன ஊர் ஒன்றின் பழைய மைதானத்தில் இந்த வேலையை ஆரம்பம் முதல் கடைசி வரை பார்த்திருக்கிறேன். கீழே வரும் வரிசை அங்கே கற்றது. நீளங்களை அடி, அங்குலத்திலேயே தருகிறேன். பேஸ்பால் விதிப்புத்தகமும் அப்படித்தான் சொல்கிறது.

1. முதலில் காகிதங்களைச் சேருங்கள்

பெரும்பாலான மைனர் லீக் (மேஜர் லீக்குக்குக் கீழே உள்ள தொழில்முறைத் தொடர்கள்) மைதானங்கள் ஊராட்சிக்கோ மாவட்ட நிர்வாகத்துக்கோ சொந்தம். அணி வாடகைக்கு இருக்கிறது. அதனால் குத்தகை ஒப்பந்தத்தைத்தான் முதலில் படிக்க வேண்டும். கூரை யார் பொறுப்பு, புல் யார் பொறுப்பு, விளக்கு யார் பொறுப்பு என்று அதில் எழுதியிருக்கும். இது தெளியாமல் ஒப்பந்தக்காரரைக் கூப்பிட்டால் பாதி வேலையில் பணம் நின்றுபோகும்.

இரண்டாவது, உச்ச மட்ட லீக்கை நடத்தும் மேஜர் லீக் பேஸ்பால் நிர்வாகம் வகுத்திருக்கும் வசதி விதிகள். 2021 முதல் மைனர் லீக் முழுவதும் அவர்கள் நிர்வாகத்தில் இருக்கிறது. 160 அணிகளாக இருந்தது அப்போது 120 ஆகக் குறைந்தது. உங்கள் அணியின் நிலைக்கு உரிய விதிகளை வாங்கி, ஒவ்வொரு வரிக்கும் எதிரே 'இருக்கிறது', 'இல்லை', 'அளக்க வேண்டும்' என்று குறியுங்கள். பக்கத்து ஊர்க்காரர் சொன்னதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். அவர்கள் அணி வேறு நிலையில் இருக்கலாம்.

மூன்றாவது, பழைய வரைபடங்களும் படங்களும். நகரப் பொறியாளர் அலுவலகம், ஊர் நூலகம், உள்ளூர்ப் பத்திரிகையின் பழைய புகைப்படங்கள் என்று எல்லா இடத்திலும் தேடுங்கள். நாங்கள் தேடிய பழைய வடிகால் குழாய் எந்த வரைபடத்திலும் இல்லை. பல பத்தாண்டுகளுக்கு முன் எடுத்த வான்படம் ஒன்றில் புல்லின் நிறம் மாறிப்போன ஒரு கோடாகத் தெரிந்தது.

நான்காவது, தேசிய வரலாற்றுப் பதிவேட்டில் மைதானம் இருக்கிறதா என்று பாருங்கள். இங்கே பலர் தடுமாறுகிறார்கள். பதிவேட்டில் இருப்பதாலேயே எதையும் தொடக்கூடாது என்று ஆகிவிடாது. கூட்டரசுப் பணமோ கூட்டரசு அனுமதியோ சம்பந்தப்பட்டால்தான், வேலையால் வரலாற்றுச் சின்னத்துக்குப் பாதிப்பு வருமா என்ற ஆய்வு கட்டாயம். ஆனால் ஊர் நிர்வாகமே தனியாக வரலாற்றுச் சின்னமாக அறிவித்திருந்தால், ஒரு ஜன்னலை மாற்றுவதற்குக்கூட அவர்கள் அனுமதி தேவைப்படலாம். இரண்டையும் தனித்தனியாக விசாரியுங்கள்.

வரலாற்றுக் கட்டடத்தைப் புதுப்பிக்கக் கூட்டரசு தரும் 20 சதவீத வரிச்சலுகையை நம்பித் திட்டம் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அது வருமானம் தரும் வரலாற்றுக் கட்டடங்களுக்கு உரியது, வரி கட்டுகிறவருக்குத்தான் பயன்படும். வரி கட்டாத ஊராட்சியால் அதை நேரடியாக எடுத்துக்கொள்ள முடியாது. வேறு வழி இருந்தாலும், வேலை தொடங்குவதற்கு முன்பே விண்ணப்பத்தின் இரண்டாம் பகுதியை ஒப்புதலுக்கு அனுப்பிவிடுங்கள்.

2. முதல் ஆட்ட நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

மைனர் லீக் சீசன், அணியின் நிலையைப் பொறுத்து, செப்டம்பரில் முடிகிறது. பெரும்பாலான அணிகளுக்கு அடுத்த சீசன் ஏப்ரல் முதல் வாரத்தில் தொடங்கும். மைனர் லீக்கின் உச்ச நிலையான டிரிப்பிள் ஏ அணிகளுக்கு மார்ச் கடைசியிலேயே தொடங்கிவிடும். உங்கள் கையில் ஏறக்குறைய 200 நாள். கேட்க நிறைய மாதிரி இருக்கும். அதில் குளிர்காலமும் இரண்டு பெரிய பண்டிகைகளும் அடக்கம்.

முதல் ஆட்டத்திலிருந்து பின்னோக்கி வாருங்கள். ஆட்டத்துக்கு முந்திய இரண்டு வாரம் ஒத்திகைக்கு. அதற்கு முன் புல் வேர்பிடிக்க மூன்று வாரமாவது வேண்டும். குளிர் என்றால் இன்னும் அதிகம். அதற்கும் முன் மணல், ஜல்லி, குழாய். இப்படி எண்ணிக்கொண்டே வந்தால் கனமான வேலைகளுக்கு மிச்சம் இருப்பது எவ்வளவு குறைவு என்று புரியும்.

தெற்கில் போடும் பெர்முடா புல், வெப்பநிலை ஏறக்குறைய 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் உறங்கிவிடும். அப்போது விரித்த புல் பாய் (வேரோடு வெட்டிச் சுருளாக வரும் புல்) வேர்பிடிக்காது. வெறுமனே கிடக்கும். வடக்கில் கென்டக்கி புளூகிராஸ் போடுவார்கள். அங்கே தரை உறைவதற்கு முன், அதாவது இலையுதிர்காலத்திலேயே விரித்துவிட்டால் நிம்மதி. ஆக, புல்லுக்குச் சொல்லும் தேதிதான் மற்ற எல்லாத் தேதிகளையும் முடிவு செய்கிறது.

வந்துசேர நாளாகும் பொருட்களை, செப்டம்பரில் கடைசி ஆட்டம் முடியும் முன்பே ஆர்டர் செய்துவிட வேண்டும். விளக்குகள், மின்பலகைகள், சுவருக்கான பஞ்சணைகள், இரும்பு உத்தரங்கள் எல்லாம் இந்த வகை. வேலை தொடங்கிய பிறகு ஆர்டர் செய்தால் ஏப்ரலில் வெறும் கம்பத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

எல்லாவற்றையும் ஒரே குளிர்காலத்தில் முடிக்கப் பார்க்காதீர்கள். முதல் வருடம் கட்டடமும் மண்ணுக்குள் போகிற வேலைகளும் ஆடுகளமும். இரண்டாம் வருடம் மற்றவை. இப்படிப் பிரித்தவர்கள்தான் சொன்ன நாளில் வாசலைத் திறந்தார்கள்.

3. மழையில் ஒரு நாள் நடங்கள்

இது பணம் செலவில்லாத வேலை. செய்கிறவர்கள் குறைவு. நல்ல மழை பெய்யும் நாளில் ரெயின்கோட், சாக்பீஸ், ஒரு கேமரா எடுத்துக்கொண்டு போங்கள். பார்வையாளர் கேலரியின் அடியில் ஒவ்வொரு தூணுக்குப் பக்கத்திலும் நின்று மேலே பாருங்கள். சொட்டும் இடத்தைத் தூணில் குறியுங்கள். மழை நின்று ஒரு மணி நேரம் கழித்து அதே பாதையில் திரும்ப நடங்கள். அப்போதும் சொட்டும் இடங்கள்தான் ஆபத்தானவை. அங்கே கான்கிரீட்டுக்குள் தண்ணீர் தங்குகிறது.

பிறகு ஆடுகளத்துக்கு வாருங்கள். தண்ணீர் தேங்கும் இடத்தைக் குச்சி நட்டுக் குறியுங்கள். வடிகால் வாயில் சாயம் கலந்த தண்ணீர் ஊற்றி, வெளியே எங்கே வருகிறது என்று பாருங்கள். எங்கும் வரவில்லை என்றால் குழாய் உடைந்திருக்கிறது அல்லது வேரால் அடைந்திருக்கிறது.

தண்ணீர் கடைசியில் எங்கே போகும் என்பதையும் பாருங்கள். வட கரோலினா மாநிலம் ஆஷ்வில் நகரின் மெக்கார்மிக் ஃபீல்ட் மலைச்சரிவை வெட்டி அமைத்தது. அங்கே மேலிருந்து வரும் தண்ணீரை ஆடுகளத்துக்குள் வராமல் திருப்ப வேண்டும். புளோரிடா மாநிலம் டேடோனா பீச்சின் ஜாக்கி ராபின்சன் பால்பார்க் ஆற்றுத் தீவில் இருக்கிறது. அங்கே வெளியே விட்ட தண்ணீர் திரும்பி உள்ளே வராமல் பார்க்க வேண்டும். இரண்டும் பழைய மைதானங்கள், ஆனால் ஒன்றின் தீர்வு மற்றதற்கு உதவாது.

4. எதைக் காப்பாற்றுவது என்று எழுதி வையுங்கள்

இடிக்கும் ஆள் வருவதற்கு முன், மாற்றவே கூடாதவற்றின் பட்டியல் ஒப்பந்தத்தோடு இணைந்திருக்க வேண்டும். வாய்மொழியாகச் சொன்னது நிற்காது. காலையில் வரும் ஆட்கள் வேறு, நேற்று நீங்கள் பேசிய ஆள் வேறு.

அலபாமா மாநிலம் பர்மிங்ஹாமில் 1910 இல் திறந்த ரிக்வுட் ஃபீல்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முகப்பும் வெளி கான்கிரீட் சுவரும் 1928 ஐச் சேர்ந்தவை. விளக்குக் கோபுரங்கள் 1936 இல் வந்தவை. எல்லாமே திறந்த வருடத்தைச் சேர்ந்தவை அல்ல என்றாலும் மூன்றுமே காக்க வேண்டியவைதான். 'ஆரம்பத்தில் இருந்தபடி' கொண்டுவருகிறோம் என்று கிளம்புகிறவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். பின்னால் சேர்ந்து, தனக்கென ஒரு வரலாறு பெற்றுவிட்டதையும் காக்கச் சொல்கிறது, வரலாற்றுக் கட்டடங்களுக்காக அமெரிக்க உள்துறைச் செயலர் வகுத்த புதுப்பிப்பு விதிகளில் ஒன்று.

ஒவ்வொரு பொருளையும் நான்கு பக்கமும் படமெடுங்கள். கழற்றும் ஒவ்வொரு மர இருக்கைக்கும் எண் எழுதிய தகரத் துண்டைக் கட்டுங்கள்.

5. விஷப் பொருட்கள் முதலில், கட்டடம் அடுத்து

பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும் என்று வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்குங்கள். கூரைத் தகடு, குழாய்ச் சுற்று, தரை ஓடு ஆகியவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். சோதனை முடிவு வராமல் எதையும் சுரண்டவோ உடைக்கவோ கூடாது. இடிக்கும் வேலைக்குப் பத்து வேலைநாள் முன்பே அரசுக்குத் தகவல் கொடுக்க வேண்டும். அந்தப் பத்து நாளை நாட்காட்டியில் சேர்க்க மறந்து, ஆட்களுக்குச் சும்மா கூலி கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது கான்கிரீட். சுத்தியலால் ஒவ்வோர் அடிக்கும் ஒரு தட்டு. நல்ல கான்கிரீட் கணீரென்று பேசும். உள்ளே கம்பி துருப்பிடித்து, மேல்பூச்சு விட்டுப்போன இடம் பொத்தென்று கேட்கும். பொத்துச் சத்தம் கேட்கும் எல்லையைச் சாக்பீஸால் வளைத்து வரையுங்கள். எங்கள் கேலரியின் மூன்றாம் வரிசைப் படியில், பார்வைக்கு மயிரிழை போல ஒரே ஒரு விரிசல்தான் இருந்தது. தட்டிப் பார்த்தபோது சாப்பாட்டு மேஜை அளவுக்குப் பொத்துச் சத்தம். பெயர்த்தபோது கம்பி, விரலால் தேய்த்தாலே உதிரும் அளவுக்கு இளைத்திருந்தது.

இந்த இடத்தில் நடக்கும் பெரிய தவறு, பெயர்ந்த காரையை மேலே சிமெண்ட் பூசி மறைப்பது. துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். அது உள்ளிருந்து தள்ளிக்கொண்டே இருக்கும். கம்பியின் பின்பக்கம் வரை பெயர்த்து, துருவை நீக்கி, தேவையானால் புதுக் கம்பி சேர்த்து, அப்புறம்தான் மூட வேண்டும். அதோடு மேல்படியின் இணைப்புகளில் தண்ணீர் இறங்காமல் அடைக்கவில்லை என்றால் இந்த வேலை மொத்தமும் சில வருடத்தில் திரும்ப வரும்.

செங்கல் சுவரில் சாந்து உதிர்ந்திருந்தால் முதலில் பழைய சாந்தைச் சோதியுங்கள். பழைய செங்கல் மென்மையானது. அதற்கு சுண்ணாம்புச் சாந்துதான் பொருந்தும். கடினமான சிமெண்ட் சாந்து வைத்தால் ஈரம் சாந்து வழியே வெளியேற முடியாமல் செங்கல் வழியே போகும். குளிரில் அது உறையும்போது செங்கலின் முகமே சில்லாகத் தெறிக்கும். சுவரை மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்யவும் கூடாது. செங்கலின் சுட்ட தோல் போய்விட்டால் திரும்ப வராது.

இரும்புத் தூண்களை அடியில் பாருங்கள். பல தடவை தரைபோட்டதில் தூணின் பாதம் கான்கிரீட்டுக்குள் புதைந்திருக்கும். துரு அங்கேதான் பிடிக்கும். மேலே பளபளவென்று இருக்கும் தூணை நம்பாதீர்கள்.

6. கிரேன் தேவைப்படும் எல்லாவற்றையும் புல்லுக்கு முன் முடியுங்கள்

விளக்குக் கம்பங்கள், வலைக் கம்பங்கள், ஸ்கோர்போர்டு, வீரர்களின் புதிய கட்டடம். இவற்றுக்கெல்லாம் கனரக வண்டி வர வேண்டும். பழைய மைதானங்கள் ஊர் நடுவில், வீடுகளை ஒட்டி இருக்கும். பல நேரம் வண்டிக்கு ஒரே வழி அவுட்ஃபீல்ட் (ஆடுகளத்தின் வெளிப்பகுதி) கதவுதான்.

விரித்து ஒரு வாரமே ஆன புல் பாய் மேல் பலகை போட்டு, தூக்கு வண்டி ஒன்றை ஓட்டியதைப் பார்த்தேன். 'பலகை போட்டாச்சே' என்றார் அந்த மேற்பார்வையாளர். புல்லைவிட கீழே இருந்த மணலுக்குத்தான் சேதம் அதிகம். அது அழுந்தி, அந்தச் சக்கரப் பாதையில் சீசன் முழுவதும் தண்ணீர் நின்றது.

விளக்கு: பழைய கோபுரத்தில் புது எல்இடி விளக்கைக் கட்டலாமா என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர் சொல்ல வேண்டும். எடையைவிட காற்றழுத்தம்தான் பெரிய கணக்கு. தாங்காது என்றால் பழைய கோபுரத்தை அப்படியே விட்டு, பக்கத்தில் புதுக் கம்பம் நடுங்கள். வெளிச்சம் இன்ஃபீல்டில் (நான்கு பேஸ்களும் இருக்கும் உள்பகுதி) அதிகமாகவும் அவுட்ஃபீல்டில் சற்றுக் குறைவாகவும் வேண்டும். எவ்வளவு என்பது உங்கள் நிலைக்கான விதியில் இருக்கும். ராத்திரியில் கட்டம் கட்டமாக அளந்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வலை: பார்வையாளர்களைப் பந்திலிருந்து காக்க, டக்அவுட்டை (வீரர்கள் உட்காரும் இடம்) தாண்டி நீளும் வலை இப்போது வேண்டும். அதைத் தாங்கும் இழுகம்பியைப் பழைய கூரைத் தூணில் கட்டிவிட வேண்டாம். அந்தத் தூண் கூரையின் எடையைக் கீழே இறக்கப் போட்டது. பக்கவாட்டில் இழுத்தால் என்ன ஆகும் என்று யாரும் அன்று கணக்குப் போட்டிருக்க மாட்டார்கள். வலைக்குத் தனிக் கம்பமும் தனி அடித்தளமும் போடுங்கள்.

வீரர்களின் அறைகள்: பழைய கேலரிக்கு அடியில் இன்றைய விதிகள் கேட்கும் எல்லாம் அடங்காது. உடை மாற்றும் அறை, பெண் பணியாளர்களுக்கும் நடுவர்களுக்கும் தனி அறைகள், எடைப் பயிற்சி அறை, சாப்பிடும் இடம், மட்டைப் பயிற்சிக் கூடம் என்று பட்டியல் நீளம். கேலரியின் அடிப்பகுதியைக் குடைவதைவிட, ஆடுகளத்தின் பக்க எல்லையான ஃபவுல் கோட்டுக்கு வெளியே தாழ்வான ஒரு தனிக் கட்டடம் கட்டுவது மலிவு. பழைய கட்டடமும் பிழைக்கும்.

7. மண்ணுக்குள் போவது எல்லாம் ஒரே தடவையில்

பள்ளம் ஒருமுறைதான் தோண்ட வேண்டும். வடிகால், பாசனக் குழாய், மின்கம்பி, ஸ்கோர்போர்டுக் கம்பி, பந்தைக் கண்காணிக்கும் கேமராக்களுக்கான இழைக் கம்பி எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். மூடுவதற்கு முன் இரண்டு காலிக் குழாய்களையும் கூடவே புதையுங்கள். அடுத்த வருடம் எதையாவது சேர்க்க வேண்டிவரும். அன்று அந்தக் காலிக் குழாய் தங்கம்.

பந்து வீசும் பிட்சர் நிற்கும் மேட்டுக்குப் பின்னாலும், மட்டையடிப்பவர் நிற்கும் இடத்தில் பதித்த ஹோம் பிளேட்டுக்குப் பின்னாலும் ஹோஸ் மாட்டும் தண்ணீர் வாய் வையுங்கள். மண் தரைக்கு ஸ்பிரிங்ளர் போதாது. கையால் தண்ணீர் விட வேண்டும். மூடும் முன் குழாய்களை அழுத்தச் சோதனை செய்து, படமெடுத்து, நிலையான புள்ளியிலிருந்து தூரத்தை எழுதி வையுங்கள்.

8. ஆடுகளம்: வாட்டம் (தண்ணீர் ஓடும் சரிவு), மணல், புல், மண்

2024 ஜூன் 20 அன்று ரிக்வுட் ஃபீல்டில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ், சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணிகள் மேஜர் லீக் ஆட்டம் ஆடின. அதற்கான தயாரிப்பில் ஆடுகளத்தைச் சமப்படுத்தி, வடிகாலைப் புதிதாக்கி, டக்அவுட்களைப் பெரிதாக்கி, சுவருக்குப் பஞ்சணை போட்டார்கள். அவ்வளவு பழைய மைதானத்திலும் வேலையின் கனம் தரைக்குக் கீழேதான் இருந்தது.

பணம் இருந்தால் மணல் அடித்தளம் போடுங்கள். கீழே துளையிட்ட குழாய்கள், அதன் மேல் நான்கு அங்குலம் சிறு ஜல்லி, அதன் மேல் பத்து முதல் பன்னிரண்டு அங்குலம் தேர்ந்த மணல். பணம் இல்லை என்றால் இருக்கும் மண்ணிலேயே நல்ல வாட்டம் கொடுங்கள். பாதிப் பணத்தில் பாதி மணல் போடுவதுதான் கெட்ட முடிவு. மணலும் களிமண்ணும் அடுக்கடுக்காகி, தண்ணீர் நடுவில் மாட்டிக்கொள்ளும்.

இன்ஃபீல்டுக்கு 100 அடிக்கு அரை அடியிலிருந்து ஓர் அடி வரை வாட்டம் போதும். அவுட்ஃபீல்டுக்குச் சற்றுக் கூடுதல். கண்ணுக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். லேசர் கருவியால்தான் இதைப் பிடிக்க முடியும். நூல் கட்டி இழுத்தால் நூலே தொய்ந்துவிடும்.

புல் பாய் வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி: எந்த மண்ணில் வளர்த்தது? மணல் தரைக்கு மணலில் வளர்த்த புல்தான் வேண்டும். களிமண்ணில் வளர்த்ததை விரித்தால் அந்தக் களி அடுக்கு மூடி போட்டதுபோல் தண்ணீரைத் தடுக்கும். பிறகு பல லட்சம் செலவழித்துப் போட்ட மணல் வீண். கனமாக வெட்டிய, அகலமான சுருளாகக் கேளுங்கள். இணைப்பு குறையும், சீக்கிரம் ஆடலாம்.

இன்ஃபீல்ட் மண் ஒரு தனிக் கலை. நான்கு முதல் ஆறு அங்குல ஆழம். மணல் பெரும்பங்கு இருக்கும், மீதியில் வண்டலும் களியும். அந்த வண்டல் களியைவிட அதிகமாகிவிடக் கூடாது. வண்டல் கூடினால் வெயிலில் தூசு, மழையில் சேறு. விற்பவர் காட்டும் நிறத்தைப் பார்த்து வாங்காமல் ஆய்வகச் சோதனைச் சீட்டைக் கேளுங்கள். நம் ஊரில் கிரிக்கெட் பிட்ச் போடுகிறவர்கள் களிமண்ணை முகர்ந்தே சொல்வார்கள் என்பார்கள். இங்கே அந்த நம்பிக்கைக்குச் சீட்டும் கூட இருக்கட்டும். ஈரம் சரியா என்பதற்கு ஒரு சோதனை: ஸ்பைக் ஷூ உள்ளே இறங்க வேண்டும், காலை எடுக்கும்போது மண் கட்டியாகப் பெயரக் கூடாது.

அளவுகளைப் போடும்போது ஹோம் பிளேட்டின் பின் முனைதான் ஆதாரம். பக்கம் 90 அடிச் சதுரம். அதன் மூலைவிட்டம் 127 அடி 3⅜ அங்குலம் வந்தால் சதுரம் சரி. வரவில்லை என்றால் மேலே போகாதீர்கள்.

9. பிட்சர் மேடு: அவசரப்பட்டால் காட்டிக்கொடுக்கும்

மேட்டின் உயரம் 10 அங்குலம். எங்கிருந்து? ஹோம் பிளேட்டின் மட்டத்திலிருந்து. புதியவர்கள் மேட்டைச் சுற்றியுள்ள புல்லிலிருந்து அளப்பார்கள். அந்தப் புல் ஹோம் பிளேட்டைவிட உயரமாகவே இருக்கும், ஏனென்றால் வாட்டம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. நாலு அங்குலம் கூடிய மேட்டில் பிட்சர் முதல் பந்திலேயே முகம் சுளிப்பார்.

மேடு 18 அடி விட்டமுள்ள வட்டம். அதன் மையம் ஹோம் பிளேட்டின் பின் முனையிலிருந்து 59 அடி. பிட்சர் கால் ஊன்றி வீசும் ரப்பர் பலகையின் முன்விளிம்பு 60 அடி 6 அங்குலம். அதாவது ரப்பர் வட்டத்தின் மையத்தில் வராது, ஒன்றரை அடி பின்னால் வரும். ரப்பரை மையத்தில் பதித்துவிட்டு முழுதும் பிரித்தவர்கள் உண்டு.

ரப்பரைச் சுற்றி 5 அடி அகலம், 34 அங்குல ஆழத்துக்குச் சமதளம். ரப்பருக்கு 6 அங்குலம் முன்னாலிருந்து அடிக்கு ஓர் அங்குலமாகச் சரிவு இறங்க வேண்டும். இதற்கு ஒரு பலகையைச் சரிவாக அறுத்து, மேலே ரசமட்டம் வைத்துப் பார்ப்பது எளிது.

கட்டும் முறையில்தான் சூட்சுமம். பிட்சரின் கால் இறங்கும் இடமும் ரப்பருக்கு முன்னும் களிமண் செங்கல்கள் அல்லது அதிகக் களியுள்ள மண். ஓர் அங்குல அடுக்காகப் போடுங்கள். திமிசுக் கட்டையால் இடியுங்கள். அடுத்த அடுக்குக்கு முன் மேல்பரப்பைக் கொக்கிக் கம்பியால் கீறி, லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். கீறாமல் போட்டால் அடுக்குகள் ஒட்டாமல் தோசை மேல் தோசை போலப் பிரியும். திமிசில் மண் ஒட்டினால் ஈரம் அதிகம், மண் பொடிந்தால் குறைவு. கட்டையில் துணி சுற்றிக்கொள்வது பழைய பழக்கம், நல்ல பழக்கம்.

ஒரே நாளில் முடிக்க முயலாதீர்கள். ஒவ்வொரு மாலையும் ஈரத்தைத் தக்கவைக்கும் மூடுபாய் போட்டுவிட்டுப் போங்கள். வார்ம்அப் செய்யும் புல்பென் மேடுகளும் இதே அளவு, இதே மண். அங்கே ஒரு மாதிரி, இங்கே ஒரு மாதிரி என்றால் பிட்சரின் கால் ஏமாறும்.

10. சுவர், பஞ்சணை, இருக்கை

பஞ்சணை போடும் முன் ஃபவுல் கோட்டின் நீளத்தை அளந்துவிடுங்கள். 1958 ஜூன் 1 க்குப் பிறகு கட்டும் மைதானங்களுக்கு ஹோம் பிளேட்டிலிருந்து வெளிச்சுவர் வரை ஃபவுல் கோட்டில் 325 அடியும் நடுவில் 400 அடியும் குறைந்தபட்சம் என்கிறது விதி. மெக்கார்மிக் ஃபீல்டின் வலது கோட்டில் நீண்ட காலம் 297 அடிதான் இருந்தது, அதை ஈடுசெய்ய உயரமான சுவர். 1958 க்கு முன்பே இருந்த மைதானம் என்பதால் அது செல்லுபடியானது. ஆனால் பழைய மைதானத்தை மாற்றியமைக்கும்போது அந்தக் குறைந்தபட்சத்துக்குக் கீழே கொண்டுவரக் கூடாது என்றும் விதி இருக்கிறது. உங்கள் கோடு சரியாக 325 என்றால் சில அங்குலப் பஞ்சணையே அதைக் குறைத்துவிடும். சுவருக்கு முன்னால் பந்துபிடிப்பவருக்கு எச்சரிக்கை தரும் மண்பாதை பொதுவாக 15 அடி அகலம்.

சக்கர நாற்காலி இடங்களைக் கடைசியில் மூலையில் திணிப்பதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்கான அமெரிக்க ஏடிஏ சட்டத்தின் கணக்குப்படி 4,500 இருக்கை உள்ள மைதானத்தில் 33 இடங்கள் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் துணைக்கு வருபவரின் இருக்கை வேண்டும். முன்னால் இருப்பவர்கள் எழுந்து நின்றாலும் ஆட்டம் தெரிய வேண்டும். பல பகுதிகளில் பரவலாக வையுங்கள். ஒரு தாத்தா தன் பேரனோடு மூன்றாம் பேஸ் பக்கம் உட்கார ஆசைப்பட்டால் அது நடக்க வேண்டும். பழைய கேலரியில் இதற்கு மேடை உயர்த்த வேண்டியிருக்கும். ஆகவே இதை 5 ஆம் கட்டத்து வரைபடத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

11. பெயிண்ட், பிறகு ஒத்திகை

ஈரம் காய்ந்த சுவரில்தான் பெயிண்ட் நிற்கும். பழைய செங்கலுக்கு மூச்சடைக்கும் பூச்சு வேண்டாம். நிறத்துக்குப் பழைய அடுக்குகளைச் சுரண்டிப் பார்த்து முடிவெடுங்கள். கறுப்பு வெள்ளைப் படத்தை வைத்து ஊகிக்க வேண்டாம்.

ஒத்திகையில் நான் விடாமல் செய்வது: எல்லாக் கழிப்பறைகளையும் ஒரே நேரத்தில் தண்ணீர் விட்டுப் பார்ப்பது. இருபது முப்பது பேரை நிறுத்தி, ஒரே விசிலில். பழைய கழிவுநீர்க் குழாயின் உண்மை அப்போதுதான் தெரியும். அதே போல சமையல் அடுப்புகள், விளக்குகள், ஸ்கோர்போர்டு எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுப் பாருங்கள்.

இன்ஃபீல்டை மூடும் தார்ப்பாய் பொதுவாக 170 அடிக்கு 170 அடி. அதைக் காய்ந்த நாளில் இரண்டு தடவை, காற்றடிக்கும் நாளில் ஒரு தடவை இழுத்துப் பழகுங்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்திலிருந்துதான் இழுக்க வேண்டும். அப்புறம் உள்ளூர்ப் பள்ளி அணிகளைக் கூப்பிட்டு ஓர் ஆட்டம் ஆடவிடுங்கள். டிக்கெட் வாசல், பார்க்கிங், குப்பைத்தொட்டி, ஆம்புலன்ஸ் வரும் வழி என்று எல்லாவற்றையும் அன்றே சரிபார்க்கலாம்.

12. முதல் மாதம்

மைனர் லீக் அணிகள் பொதுவாக செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஒரே எதிரணியோடு ஆறு ஆட்டம் ஆடும். திங்கள் ஓய்வு. புதுப் புல்லுக்கு ஆறு நாள் தொடர்ச்சியாக ஆட்டம் என்பது கடும் சோதனை. அதனால் முதல் மாதத்தில் மைதானத்தை வேறு நிகழ்ச்சிகளுக்கு வாடகைக்கு விடாதீர்கள் என்று நிர்வாகத்திடம் முன்பே எழுதி வாங்குங்கள். கச்சேரி வைக்கலாமா என்று கேட்டு முதல் வாரத்திலேயே யாராவது வருவார்கள்.

ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும், விளக்கு அணைவதற்கு முன், மேட்டிலும் ஹோம் பிளேட்டிலும் விழுந்த குழிகளில் உதிரி மண்ணைக் கூட்டி எடுத்து, தண்ணீர் தெளித்து, ஈரக் களியை நிரப்பி இடித்து, மூடுபாய் போட வேண்டும். காலையில் செய்யலாம் என்று விட்டால் குழியின் ஓரம் காய்ந்து புதுக் களி ஒட்டாது.

திங்கட்கிழமை காலை ஹோஸோடு புல்லும் மண்ணும் சேரும் விளிம்புக்குப் போங்கள். ஓடும் கால்களும் பெருக்கும் வண்டியும் மண்ணைப் புல்லுக்குள் தள்ளியிருக்கும். விட்டுவைத்தால் அது ஒரு வரப்பாக எழும்பும். பந்து அதில் பட்டு முகத்துக்கு எகிறும், மழைத் தண்ணீரும் அங்கேயே அணைபோட்டு நிற்கும். விரலை விளிம்பில் வைத்து நடந்து பாருங்கள், மேடு தட்டுகிற இடத்தில் நின்று, புல்லுக்குள் இருக்கும் மண்ணை அழுத்தமான தண்ணீரால் மண் பக்கமே திருப்பி அடியுங்கள்.